‘பார்க்கலாம்’ என்பவரோடு போக்கர் ஆடுவது

என் கணவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. ‘சரி’ என்றும் சொல்ல வராது. இரண்டுக்கும் சேர்த்து அவர் மூன்று சொற்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்: பார்க்கலாம், இருக்கட்டும், வரேன்.

ஓர் அரசு அலுவலகத்தில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்தே பணி ஓய்வு பெற்றவர் அவர். அங்கே பழகிய பழக்கம். அவர் ‘பார்க்கலாம்’ என்றால் அந்த மனு கிணற்றில் போட்ட கல். மனு கொண்டு வந்தவருக்கு அது தெரியாது, நன்றி சொல்லிவிட்டுப் போவார். வீட்டிலும் அதே கதைதான். சமையலறைக்குப் புது மேடை போடலாமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார். பழைய மேடையில்தான் இன்றும் சமைக்கிறேன். ‘இருக்கட்டும்’ என்றால் வேண்டாம் என்று பொருள். யாராவது இன்னொரு கரண்டி சாதம் வைக்க வந்தால் இலையின் மேல் கையை விரித்து ‘இருக்கட்டும், இருக்கட்டும்’ என்பார். ‘வரேன்’ என்றால் கிளம்புகிறார். இது ஊருக்கே பொதுதான். வாசலில் நின்று ‘போறேன்’ என்று யார் சொல்வார்கள்? ஆனால் இவர் தெருமுனைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனாலும் ‘வரேன்மா’ என்று முறையாக விடைபெறுவார். நான் ஒருமுறை எரிச்சலில் ‘போய்த் தொலைங்க’ என்று சொல்லிவிட்டேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போக்கர் கற்றுக்கொடுக்கலாம் என்று என் மகளுக்குத் தோன்றியது.

அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நாலைந்து பேர் சேர்ந்து போக்கர் ஆடுவார்களாம். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். சிவப்பு, நீலம், வெள்ளை வில்லைகள் அடுக்கிய ஒரு பெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூடத்து மேசையில் கடை பரப்பினாள்.

“அப்பா, ஏரியைச் சுத்திச் சுத்தி நடந்தா போதுமா? மூளைக்கும் கொஞ்சம் வேலை குடுங்க.”

என் கணவர் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினார்.

“காசு வைச்சு ஆடலப்பா.”

“சீட்டு சீட்டுதானேம்மா. பக்கத்து வீட்ல பார்த்தா என்ன நினைப்பாங்க? அக்கா காதுக்குப் போனா அவ்வளவுதான்.”

அக்கா என்பது அவருடைய அக்கா, என் நாத்தனார். கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறார். சின்ன வயதில் தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அந்த நன்றியில் இவர் இன்றுவரை அக்காவுக்கு எதிராக ஒரு ‘ம்ஹூம்’ கூடச் சொன்னதில்லை. அக்காவிடம் மட்டும் அந்த மூன்று சொற்கள்கூடக் கிடையாது, ‘சரிக்கா’ மட்டும்தான். எங்களுக்குக் கிடைக்காத ‘சரி’ எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

அழைப்பு மணி அடிக்கும்போதெல்லாம் இவர் செய்தித்தாளை விரித்து மேசையை மூடினார். தண்ணீர் கேன் போடுகிறவர் உள்ளே வந்து, மேடும் பள்ளமுமாகக் கிடந்த செய்தித்தாளையும் அதன் இரு பக்கமும் கை கட்டி உட்கார்ந்திருந்த அப்பாவையும் மகளையும் பார்த்துவிட்டு, “வூட்ல எதுனா பூஜையா சார்?” என்று கேட்டார். “பார்க்கலாம்” என்று சொன்னார் என் கணவர். பதற்றத்தில் வாயில் வந்தது அதுதான்.

ஆட்டம் அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அதைப் பிறருக்குக் காட்டக் கூடாது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பார்கள். கையிலிருக்கும் இரண்டையும் நடுவிலிருக்கும் ஐந்தையும் வைத்து யாரிடம் நல்ல சேர்க்கை இருக்கிறதோ அவர் ஜெயித்தார். கல்யாண மண்டபங்களில் ரம்மி ஆடி வளர்ந்த எனக்கு இது கீரை ஆய்ந்துகொண்டே புரிந்துவிட்டது. இவருக்கு மட்டும் சொற்கள் தொண்டையில் சிக்கின.

“முதல்ல மூணு சீட்டு திறக்கறோம் இல்லையா, அதுக்குப் பேரு ஃப்ளாப்.”

“ஏன், ஓடலையா?”

“அது படம்பா. இது வேற. அடுத்த சீட்டு டர்ன். கடைசிச் சீட்டு ரிவர். ரிவர்னா ஆறு.”

இவர் நடுவிலிருந்த சீட்டுகளை விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“அஞ்சாவது சீட்டை ஏன்மா ஆறுங்கறே?”

“ஆறுன்னா நம்பர் இல்லப்பா. தண்ணி ஓடுமே, அந்த ஆறு.”

“அப்ப ஆறாவது சீட்டு எங்கே?”

அன்றைய சாயங்காலத்தில் பெரும்பகுதி அந்த ஆற்றிலேயே போயிற்று. அப்புறம் நட்ஸ் வந்தது. அந்த நேரத்தில் யாராலும் அடிக்க முடியாத சீட்டு கையில் இருந்தால் அதற்கு நட்ஸ் என்று பெயராம். “அப்பா, உங்ககிட்ட நட்ஸ் இருக்கு!” என்று அவள் கத்த, இவர் என் பக்கம் திரும்பி, “ஏம்மா, வேர்க்கடலை இருக்காமே, எடுத்துட்டு வா” என்றார். நானும் ஒரு மடச்சி, எழுந்து போய் வறுத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். இந்தக் ‘கால்’தான் என்னைக் கொன்றது. எதிராளி எவ்வளவு வில்லை வைக்கிறாரோ அதே அளவு நாமும் வைத்துத் தொடர்வதற்குக் கால் என்று பெயர். “இப்ப நீங்க கால் பண்ணணும்பா” என்று அவள் சொல்வாள். இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, “யாருக்கு?” என்பார். ஒரு தடவை என்றால் சிரிக்கலாம். ஒவ்வொரு தடவையுமா? மூன்றாவது கையாக உட்கார்ந்திருந்த நான் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தேன். “அம்மா டில்ட்ல இருக்காங்க” என்றாள் மகள். கோபத்தில் புத்தி தடுமாறி ஆடுகிறவர்களுக்கு அந்தப் பெயராம். இந்த மனிதரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் டில்ட்டில்தான் இருக்கிறேன் என்றேன்.

அன்று பாத்திரம் துலக்கும்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் ஒரு பையன். கோவளம். அப்பா படகு வைத்திருக்கிறார், அம்மா கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறார். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம்.

நான் குழாயை மூடினேன்.

“அவனை அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கேன்மா. பஜ்ஜி சொஜ்ஜி எதுவும் பண்ணாதீங்க. ஃப்ரெண்டா வரட்டும். அப்பா பழகிப் பார்க்கட்டும்.”

“அப்பா ஒத்துக்கலைன்னா?”

“பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். சண்டை போட்டு, ஓடிப்போயெல்லாம் எனக்கு வேண்டாம்மா. அப்பா வாயால ஒரு சரி வேணும். அவ்வளவுதான்.”

இந்த வீட்டில் கிடைக்காத ஒரே பொருளைக் கேட்கிறாளே என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் பயம்தான். பையனைப் பற்றி இல்லை. நாத்தனாரை நினைத்து, கல்யாணங்களில் என் காதுபடப் பேசப்போகிறவர்களை நினைத்து. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பயத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

பையன் வந்தான். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு டஜன் வாழைப்பழம். வெறுங்கையோடு வரக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். என் கணவரின் கால் குழப்பத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்:

“அங்கிள், இங்கிலீஷை விடுங்க. எங்க ஊர்ப் பசங்களோட நான் தமிழ்லதான் ஆடுவேன். யாரும் எதுவும் வைக்கல, நீங்களும் இப்போதைக்கு வைக்க வேணாம்னா, ‘இருக்கட்டும்’னு சொல்லுங்க. எதிராளி வைச்சதுக்குச் சமமா வைச்சு உள்ள வரணும்னா, அதாவது கால் பண்ணணும்னா, ‘வரேன்’. இல்ல, ‘உன் சீட்டைக் காட்டு, பார்க்கலாம்’னு சொல்லுவோமே, அந்தப் ‘பார்க்கலாம்’. ரெண்டும் ஒண்ணுதான். சீட்டு நல்லால்லை, ஆட்டமே வேணாம்னா ‘கவுத்துட்டேன்’. அவ்ளோதான்.”

நான் கையிலிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். உலகத்தில் வேறு சொல்லே அகப்படவில்லையா இந்தப் பிள்ளைக்கு? என் வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் இல்லை. மேசையில் ‘பார்க்கலாம்’ என்றால் ஆமாம். என் வீட்டில் ‘வரேன்’ என்றால் வெளியே. மேசையில் ‘வரேன்’ என்றால் உள்ளே. நல்லெண்ணத்தில் செய்தான், பாவம். வீட்டு அகராதி அவனுக்கு எப்படித் தெரியும்?

“இன்னொரு ரூல் அங்கிள். முக்கியமானது. மேசையில உட்கார்ந்து வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா அதுக்குக் கட்டுப்படணும். தப்பாச் சொல்லிட்டேன், மாத்திக்கறேன்னு வாபஸ் வாங்க முடியாது. எங்க ஆடினாலும் இது உண்டு.”

“நல்ல ரூல்தான்” என்றார் என் கணவர். மனு மேசையில் அப்படியொரு விதி இருந்திருந்தால் இவர் கதி என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விபத்து சீக்கிரமே நடந்தது. பையன் தன்னிடம் இருந்த வில்லைகள் மொத்தத்தையும் நடுவில் தள்ளினான். “ஆல் இன் அங்கிள். எல்லாம் உள்ள.” இவர் கையில் ஒரு ஏழும் ஒரு இரண்டும். அதைவிட மட்டமான சீட்டு அந்த ஆட்டத்தில் கிடையாது. தோளுக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. கவிழ்த்துவிட்டு எழ வேண்டியதுதான். ஏரிக்கு நடக்கப் போகிற நேரமும் ஆகிவிட்டது. ஆனால் விளக்கேற்றும் வேளையில் வாயைத் திறந்து ‘கவுத்துட்டேன்’ என்று சொல்ல இவருக்கு மனம் வருமா? சீட்டை மரியாதையாகக் கீழே வைத்தார், எழுந்தார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு கைகூப்பாத குறையாகச் சொன்னார்:

“அப்ப நான் வரேன் தம்பி.”

“சூப்பர் அங்கிள்!” என்று இவருடைய வில்லைகளை நடுவில் தள்ளிவிட்டான் பையன்.

“இல்லப்பா, நான் கிளம்பறேன்.”

“வரேன்னு சொல்லிட்டீங்களே.”

“அது போறதுக்குச் சொல்ற வரேன்.”

“அங்கிள், ரூல்.”

மகள் சிரிப்பை அடக்கமாட்டாமல் முகத்தை மூடிக்கொண்டாள். இவர் ஒரு காலில் செருப்போடு வந்து மறுபடி உட்கார்ந்தார். இரண்டு பேரும் சீட்டைக் காட்டினார்கள். பையனிடம் இரண்டு ராஜா. நடுச்சீட்டுகளைத் திறக்கத் திறக்க, முதல் மூன்றில் ஓர் இரண்டு வந்தது. கடைசியாக, அந்தப் பாழாய்ப்போன ஆற்றில், ஓர் ஏழு வந்தது. ஏழில் ஒரு ஜோடி, இரண்டில் ஒரு ஜோடி. இரண்டு ராஜாவையும் வீழ்த்திவிட்டார்.

“ஆறுல ஏழு வந்துடுச்சும்மா” என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்கு வந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் ஆட்டம். இவர் மதியமே மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, பையனின் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று ஜன்னல் பக்கம் போய் நிற்பார். பையனுக்கு இவரிடம் நல்ல மரியாதை. சீட்டைக் கலைத்து முதலில் இவரிடம்தான் வெட்டச் சொல்லுவான். ஆட்டத்தில் தோற்றுக்கொண்டே இருக்கிறவனுக்கு மீன் என்று பெயர் என்றும் சொல்லிக்கொடுத்தான். “எங்கப்பா எதிர்ல மட்டும் இதைச் சொல்லிடாதீங்க அங்கிள். தொழிலைக் கிண்டல் பண்றேன்னு அடிப்பாரு.” இவர் அதற்கும் சிரித்தார். ஆனால் கல்யாணப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மகள் என்னைப் பார்ப்பாள், நான் இவரைப் பார்ப்பேன், இவர் சீட்டைப் பார்ப்பார். எத்தனை நாளைக்கு?

கடைசியில் பையனே துணிந்தான். ஆட்டத்தின் நடுவில், கையில் சீட்டை வைத்துக்கொண்டே, “அங்கிள், எங்க அப்பா அம்மா உங்களை வந்து பார்க்கணும்னு சொல்றாங்க. இவளைப் பத்திப் பேச. கூட்டிட்டு வரட்டுமா?” என்றான்.

என் கணவர் தன் இரண்டு சீட்டுகளையும் விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். வில்லைகளை ஒருமுறை தொட்டார்.

“பார்க்கலாம் தம்பி” என்றார்.

மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். குளிர்சாதனப் பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். “பார்க்கலாம்னுட்டார்மா. முடிஞ்சு போச்சு.” அவளுக்குத் தெரியாதா அந்தச் சொல்? சைக்கிள் கேட்டபோது பார்க்கலாம். பெங்களூருக்கு மேல்படிப்பு என்றபோது பார்க்கலாம். அவள் அங்கே போகவே இல்லை. கூடத்திலோ பையன் முகமெல்லாம் பல்லாக, “தேங்க்ஸ் அங்கிள், ரொம்பத் தேங்க்ஸ்” என்று இவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். ஒரே வார்த்தை, இங்கே ஒரு பெண் அழுகிறாள், அங்கே ஒரு பையன் சிரிக்கிறான், நடுவில் இந்த மனிதர் வேர்க்கடலைத் தோலை ஊதிக்கொண்டிருக்கிறார்.

அன்று ஏரிக்கரையில் அவரை நடக்கவிடவில்லை நான். “என்னங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வழவழான்னு பேசிப் பேசி என் பொண்ணு வாழ்க்கையையும் மனுக்கட்டுல போட்டுக் கட்டிடாதீங்க.” எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. நடக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஏரியைப் பார்த்தபடி, “சத்தம் போடாதேம்மா, பார்க்கலாம்” என்றார். தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றே தோன்றியது.

அடுத்த ஞாயிறே கோவளத்திலிருந்து வந்துவிட்டார்கள். முன்கூட்டி ஒரு போன் கிடையாது. பையன் வீட்டில் போய் ‘சம்மதம் கிடைத்துவிட்டது’ என்று சொல்லியிருக்கிறான். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்று அவனிடம் சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. பிறகு அவர்கள் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் அந்த மாதம் முட்டைகூட வாசற்படி தாண்டாது. பையனின் அப்பா வெள்ளைச் சட்டையில் பெரிய மனிதராக உள்ளே வந்து, வாழையிலையில் சுற்றிய ஒரு முழு வஞ்சிரத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

“காலைல வந்த மீனு சார். ஐஸே படல.”

என் கணவர் பதறிப்போய், இலையில் சாதத்தைத் தடுப்பது போல இரண்டு கையையும் விரித்தார். “ஐயோ, இருக்கட்டும், இருக்கட்டும்.”

“இருக்கட்டும் சார், நம்ம வூடுதானே” என்று மேசையில் வைத்துவிட்டார் அவர். நான் எடுத்துப் போய்க் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன். வேறென்ன செய்ய?

பையனின் அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். மகள் நிமிரவே இல்லை. என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பையனின் அப்பா காப்பியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“பையன் வந்து சொல்லிச்சு சார், நீங்க ஒத்துக்கினீங்கன்னு. வூட்ல ஒரே குஷி. இருந்தாலும் பெரியவங்க வாயால ஒரு தபா கேட்டுக்கணும் இல்ல? நீங்க சொன்னது நெஜம்தானே சார்?”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது ஒரு பார்க்கலாம் வரும், இவர்கள் மறுபடியும் சந்தோஷப்படுவார்கள், அதைப் பிறகு நான் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

“ஆமாங்க. சொன்னேன்” என்றார் என் கணவர். “சொன்னது சொன்னதுதான்.”

மகள் நிமிர்ந்தாள். நான் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன்.

அவர்கள் கிளம்பிய பிறகு இவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். “அன்னிக்கு ஒத்துக்கிட்டுத்தான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“பார்க்கலாம்னுதானே சொன்னீங்க?”

“மேசையில உட்கார்ந்துதானேம்மா சொன்னேன்” என்றார், எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை என்பது போல. “கையில சீட்டு வேற இருந்துச்சு.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “ஒரு வாரம். ஒரு வாரமா அந்தப் பொண்ணு சரியாச் சாப்பிடல. வீட்டு அர்த்தமா மேசை அர்த்தமான்னு வாயைத் திறந்து சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?” ஏரிக்கரையில் சொன்ன பார்க்கலாம் எந்தக் கணக்கு என்று கேட்டேன். அது வீட்டுப் பார்க்கலாமாம். நடுரோட்டில் சத்தம் போடுகிறவளுக்கு வேறென்ன சொல்வது என்றார். அவரை அடிப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் அப்படியே நின்றேன்.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது, எங்கள் தெருவில் செய்திக்கா பஞ்சம்? ஆனால் விஷயம் தெரிந்து வந்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. நேரே போய்த் தண்ணீர் எடுக்கப் பெட்டியைத் திறந்தார். அடித்தட்டில், இலையை மீறி வாலை நீட்டிக்கொண்டு, வஞ்சிரம்.

“புரட்டாசியில இது என்னடா?”

நான் வாயைத் திறப்பதற்குள், “சம்பந்தி கொண்டு வந்தாங்கக்கா” என்றார் இவர்.

அந்த ‘சம்பந்தி’யைக் கேட்டதும் நாத்தனார் பெட்டிக் கதவை அறைந்து சாத்தினார். பிறகு பேச்சு கூடத்துக்கு வந்தது. மதம், சாதி, செத்துப்போன மாமனார் பெயர், என் வளர்ப்பு, எல்லாம் வந்தது. “அம்மா இல்லாத குறை தெரியாம வளர்த்தேனே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா? அவங்களுக்குப் போன் போடு. யோசிக்காமச் சொல்லிட்டேன்னு சொல்லு.”

வழக்கமான ‘சரிக்கா’வுக்காக நான் காத்திருந்தேன். மகளும் அறை வாசலில் நின்று அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“வாபஸ் வாங்க முடியாதுக்கா” என்றார் இவர். உட்கார்ந்தபடிதான் சொன்னார். குரல் உயரவில்லை, கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. “இங்க உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிட்டேன். சொன்னா கட்டுப்படணும். அது ரூல்.”

“எந்த ஊரு ரூலுடா அது?”

இவர் செய்தித்தாளை இழுத்து மடித்து வைத்தார். போக்கர் என்று சொன்னால் அடுத்த பூகம்பம் கிளம்பும் என்று அவருக்குத் தெரியாதா? வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவிடம் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு ஒரு சீட்டாட்ட விதி தேவைப்பட்டிருக்கிறது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதரை இத்தனை வருடம் திட்டியே தீர்த்திருக்கிறேனே.

நாத்தனார் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். வாசலில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தபடி, திரும்பாமல் சொன்னார்:

“அப்ப நான் போறேன்.”

போறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் யார் வாசலிலும் சொல்லாத சொல். இனி இந்தப் படி ஏற மாட்டேன் என்று அதற்குப் பொருள். மகள் “அத்தை” என்று ஓர் அடி முன்னால் வந்தாள்.

என் கணவர் எழுந்து வாசலுக்குப் போனார். அக்காவை மறிக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. குனிந்து, அவர் காலுக்கு எட்டாமல் கிடந்த இன்னொரு செருப்பை நகர்த்தி வைத்தார்.

“போறதுன்னா போக்கா. ஆனா வாய்விட்டுச் சொன்னா கட்டுப்படணும்” என்றார். “வரேன்னு சொல்லிட்டுப் போ.”

நாத்தனார் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலை நுழைத்தார்.

“வரேன்டா” என்றார்.

படி இறங்கி, கேட்டைத் திறந்து, அதைச் சாத்தும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: “தேதியை முன்னாடியே சொல்லச் சொல்லு. முட்டிக்கு ஊசி போட்ட மறுநாள்னா என்னால மண்டபப் படியெல்லாம் ஏற முடியாது. அந்த மீனையும் யாருக்காவது குடுத்துத் தொலை.”

அவர் தெருமுனை திரும்பும்வரை நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே நின்றோம். என் கணவர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“அக்கா கால் பண்ணிட்டாங்க” என்றார்.

நான் போனைத் தேடி உள்ளே பாதி தூரம் போய்விட்டேன்.